அப்பாவின் சோனோகிராபி அறிக்கையில் உள்ள எண்களை எந்த அளவுக்கு நம்புவது?

செம்பூர்வாசி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு 67 வயது. இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. சிறுநீரகமும் தளர்ந்து, கிரியாட்டினின் 1.9 காட்டுகிறது. சென்ற மாதம் வயிற்று உப்புசத்துக்காக இங்கே ஒரு மையத்தில் சோனோகிராபி எடுத்தோம். (ஊரில் ஸ்கேன் என்போம், மும்பையில் சோனோகிராபி என்று சொன்னால்தான் கவுண்டரில் புரிகிறது.) அறிக்கையில் 'கொழுப்புக் கல்லீரல், இரண்டாம் நிலை' என்றும், வலது மடலில் 2.2 செ.மீ. அளவுக்கு வெண்மையான முடிச்சு ஒன்று தெரிகிறது என்றும் எழுதியிருக்கிறார்கள். பிறகு வேறொரு மையத்தில் ஃபைப்ரோஸ்கேன் (கல்லீரலின் விறைப்பை அளக்கும் சோதனை) செய்ததில் 11.2 கிலோபாஸ்கல் வந்தது. கல்லீரலில் தழும்பு விழத் தொடங்கியிருக்கலாம், முடிச்சு என்னவென்று பார்க்கச் சிடி எடுத்துவிடுங்கள் என்கிறார் குடும்ப மருத்துவர். சிடிக்கு ஏற்றும் சாயத்தை அப்பாவின் சிறுநீரகம் தாங்குமா என்று சிறுநீரக மருத்துவர் தயங்குகிறார். குமிழ் ஊசி போட்டு எடுக்கும் சோனோகிராபி என்று ஒன்று இருப்பதாக அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். மூன்று வாரங்களாக அப்பா இரவில் உறங்குவதில்லை. இந்த எண்களை எப்படிப் புரிந்துகொள்வது என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முலுண்ட்_கதிரியக்கர்

வணக்கம் தம்பி. கதிரியக்கத் துறையில் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். உங்கள் அப்பாவைப் பரிசோதிக்காமல் நோயை முடிவு செய்ய முடியாது. ஆனால் அந்த மூன்று செய்திகளும் மூன்று வேறு வகைச் சான்றுகள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்றுக்கும் ஒரே எடை கொடுத்ததில்தான் உங்கள் குடும்பத்தின் தூக்கம் போயிருக்கிறது.

'இரண்டாம் நிலை' என்பது கண் மதிப்பு. கொழுப்பு சேர்ந்த கல்லீரல் திரையில் வெளுத்துத் தெரியும். எவ்வளவு வெளுப்பு என்பதைப் பக்கத்தில் இருக்கும் வலது சிறுநீரகத்தின் புறப்பகுதியோடு ஒப்பிட்டுத்தான் சொல்கிறோம். உங்கள் அப்பாவுக்கோ சிறுநீரகம் தளர்ந்திருக்கிறது, தளர்ந்த சிறுநீரகம் தானும் வெளுக்கும். அளவுகோலே நிறம் மாறியிருக்கும்போது அதை வைத்துச் சொன்ன நிலை எண்ணை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். கொழுப்பினால் ஒலி எவ்வளவு தேய்கிறது என்பதை எண்ணாகத் தரும் அளவீடு ஃபைப்ரோஸ்கேன் தாளிலேயே 'சிஏபி' என்ற பெயரில் இருக்கும். அது இதைவிட மேல்.

11.2 என்பது அளவீடு. ஆனால் எந்த நிலைமையில் எடுத்தது என்று தெரியாமல் அந்த எண்ணுக்குப் பொருள் கிடையாது. குறைந்தது மூன்று மணி நேரம் வெறும் வயிற்றோடு இருந்தாரா? பத்து அளவீடுகள் சரியாகக் கிடைத்தனவா? அளவீடுகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைக் காட்ட, தாளில் 'ஐக்யூஆர்' என்று ஒரு சதவீதம் இருக்கும், அது 30க்குள் இருக்கிறதா? பருமனானவர் என்றால் பெரிய புரோபை (தோலில் வைக்கும் கைக்கருவியை) பயன்படுத்தினார்களா? ரத்தத்தில் கல்லீரல் நொதிகள் ஏறியிருந்தனவா? இவை எல்லாம் தெரிந்தால் பேசலாம். பொதுவாகக் கொழுப்புக் கல்லீரலில் 8 கிலோபாஸ்கலுக்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு என்று கொள்கிறோம். 12க்கு மேலே போனால் கவலைப்பட்டு அடுத்த படிக்குப் போகிறோம். இடையில் நிற்கும் எண்தான் ஆளை அலைக்கழிப்பது.

முடிச்சு முற்றிலும் வேறு கேள்வி. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

செம்பூர்வாசி

மிக்க நன்றி, டாக்டர். தாளை எடுத்துப் பார்த்தேன். பத்து அளவீடுகள், ஐக்யூஆர் 22 சதவீதம், நடுத்தரப் புரோப். நொதிகள் இயல்பாகவே இருக்கின்றன. ஆனால் வெறும் வயிற்றோடு வரச் சொல்லி யாரும் எங்களிடம் சொல்லவில்லை. காலை 9 மணிக்கு நான்கு இட்லியும் காபியும் சாப்பிட்டுவிட்டு, பத்து மணிக்கெல்லாம் அப்பா அந்த மேசையில் படுத்துவிட்டார்.

பவாய்_பொறியாளர்

நான் மருத்துவன் அல்லன். ஒலி உணர்விகள் வடிவமைக்கும் வேலையில் இருக்கிறேன். இட்லிக்கும் கிலோபாஸ்கலுக்கும் என்ன தொடர்பு என்பதைக் கணக்கோடு சொன்னால் உங்கள் அப்பாவுக்கு மனம் சற்று லேசாகும் என்று நினைக்கிறேன்.

கருவி உண்மையில் அளப்பது வேகத்தை. புரோபின் முனை விலா எலும்புகளுக்கு நடுவே தோலில் மெல்லத் தட்டுகிறது. அந்தத் தட்டினால் கல்லீரலுக்குள் ஒரு குறுக்கு அலை ஓடுகிறது. திசு எவ்வளவு விறைப்பாக இருக்கிறதோ அவ்வளவு வேகமாக ஓடும். வேகத்தின் வர்க்கத்தை மூன்றால் பெருக்கினால், அடர்த்தியை நீரின் அளவாகக் கொண்டு, கிலோபாஸ்கல் வந்துவிடும். உங்கள் 11.2க்குப் பின்னால் இருக்கும் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 1.93 மீட்டர். அதே அலை 1.57 மீட்டர் வேகத்தில் ஓடியிருந்தால் விடை 7.4. வேகத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான வேறுபாடு, விடையில் மூன்றில் ஒரு பங்கு வேறுபாடாகப் பெருகுகிறது, வர்க்கம் எடுப்பதால். உணவு உண்டபின் குடலிலிருந்து கல்லீரலுக்கு வரும் ரத்தம் கூடுகிறது, உறுப்பு சற்றே உப்பி விறைக்கிறது, அலை விரைகிறது. தழும்பு என்றால் என்னவென்று அந்த அலைக்குத் தெரியாது.

இந்த அலையைப் பிடிப்பதற்குள் பொறியியல் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் இத்துறையில் நடந்த பெரும் மாற்றம் இதற்குள்தான் இருக்கிறது. மென்திசுவில் ஒலி வினாடிக்கு 1540 மீட்டர் வேகத்தில் செல்கிறது. 15 செ.மீ. ஆழம் போய்த் திரும்ப வினாடியில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு நேரம் ஆகும். பழைய முறையில் படத்தைக் கோடு கோடாக வரைவார்கள். 128 கோடுகள் என்றால் வினாடிக்கு நாற்பது படங்களுக்கு மேல் தேறாது. குறுக்கு அலையோ இரண்டு செ.மீ. தூரத்தைப் பத்து, பதினைந்து மில்லிவினாடியில் கடந்துவிடுகிறது. அடுத்த படம் வருவதற்குள் அலை போய்விட்டிருக்கும். ஃபைப்ரோஸ்கேன் இந்தச் சிக்கலைப் படமே எடுக்காமல், ஒரே கோட்டைத் திரும்பத் திரும்பக் கேட்பதன் மூலம் கடந்தது. பாரிஸில் மத்தியாஸ் ஃபிங்க் என்ற இயற்பியலாளரின் குழுவினர் வேறொரு வழி கண்டார்கள். கோடு கோடாக அனுப்பாமல், தட்டையான ஒரே அலையாக முழுப் பரப்புக்கும் ஒலியை அனுப்பி, திரும்பி வருவதை எல்லா உணர்விகளிலும் ஒருசேரக் கேட்டு, கோடுகளைக் கணினிக்குள் கட்டுவது. வினாடிக்கு ஆயிரக்கணக்கான படங்கள் கிடைக்கின்றன. கணினி விளையாட்டுகளுக்காக வளர்ந்த வரைகலைச் செயலிகள் மலிவானதால்தான் இந்தக் கணக்கு நடைமுறைக்கு வந்தது.

ஒரு எச்சரிக்கை. ஒரு நிறுவனத்தின் கருவி தரும் எண்ணை மற்றொரு நிறுவனத்தின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். அலையை எழுப்பும் அதிர்வெண் வேறு, கணக்கிடும் முறை வேறு.

முலுண்ட்_கதிரியக்கர்

பொறியாளர் சொன்னதை வழிமொழிகிறேன். வெறும் வயிற்றோடு மீண்டும் அளந்து பாருங்கள். முடிந்தால் அதே வகைக் கருவியில்.

இனி முடிச்சு. கல்லீரலில் தற்செயலாகத் தென்படும் வெண்மையான, விளிம்பு தெளிவான முடிச்சு பெரும்பாலும் ரத்தக்குழாய்கள் சுருண்டு கூடிய தீங்கற்ற கட்டி. ஆனால் தழும்பேறிய கல்லீரல் என்ற ஐயம் இருக்கும்போது 'பெரும்பாலும்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஒருவரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. உங்கள் அலுவலக நண்பர் சொன்ன குமிழ் ஊசி இந்த இடத்துக்கு மிகப் பொருத்தமானது.

அந்த ஊசியில் இருப்பவை கந்தக ஹெக்சாஃபுளோரைடு வாயு நிரம்பிய நுண்குமிழ்கள். ஒவ்வொன்றும் சராசரியாக 2.5 மைக்ரான், சிவப்பணுவைவிடச் சிறியவை, கொழுப்பு மூலக்கூறுகளால் ஆன மெல்லிய உறை போர்த்தவை. பொடி இருக்கும் குப்பியில் உப்புநீரைச் செலுத்திக் குலுக்கினால் பால் போல வெளுக்கும். அதில் 2.4 மில்லியைக் கை நரம்பில் ஏற்றி, பின்னாலேயே உப்புநீரைத் தள்ளி, திரையில் கடிகாரத்தை ஓட விடுவோம். கருவியின் ஒலி வலிமையை மிகவும் தாழ்த்தி வைப்போம், இல்லாவிட்டால் குமிழ்கள் வெடித்துவிடும். ஒலியழுத்தத்தில் குமிழ் சுருங்குவதும் விரிவதும் ஒரே சீராக நடப்பதில்லை. அதனால் அனுப்பிய அதிர்வெண்ணின் மடங்குகளிலும் அது குரல் கொடுக்கிறது. அந்தக் குரலை மட்டும் கேட்கும்படி கருவியை அமைத்தால் திசு இருண்டுபோய், ரத்தம் ஓடும் வழி மட்டும் ஒளிரும். முதல் ஒரு நிமிடம் புரோபை எடுக்காமல் பார்க்க வேண்டும். பிறகு ஐந்தாறு நிமிடம் வரை விட்டு விட்டுப் பார்க்கலாம்.

மேற்சொன்ன தீங்கற்ற கட்டி என்றால் ஓரத்தில் சிறு சிறு முத்துகளாகக் குமிழ் தேங்கி, மெதுவாக நடுவை நோக்கி நிரம்பி, கடைசி வரை வெளிறாமல் நிற்கும். கல்லீரல் புற்றாக இருந்தால் தமனி ரத்தத்தோடு முழுதும் சட்டென்று ஒளிர்ந்து, ஒரு நிமிடம் கழிந்த பின் மெல்ல மங்கும். வேறிடத்திலிருந்து பரவிய புற்று அந்த ஒரு நிமிடத்துக்குள்ளேயே கறுத்துவிடும். குமிழ்கள் ரத்தக்குழாயை விட்டு வெளியே கசிவதில்லை, வாயு மூச்சு வழியே போய்விடுகிறது, சிறுநீரகத்துக்கு அதில் வேலையே இல்லை. அமெரிக்காவில் கல்லீரல் கட்டிகளுக்கு இதற்கு 2016இல் ஒப்புதல் கிடைத்தது. ஐரோப்பாவில் அதற்கு முன்பே பழக்கத்தில் இருந்தது. ஒவ்வாமை மிக அரிது என்றாலும் அவசர மருந்துகள் கைக்கு எட்டும் இடத்தில்தான் செய்ய வேண்டும்.

குறைகளும் உண்டு. கொழுப்பு மிகுந்த கல்லீரலில் ஒலி ஆழத்துக்கு இறங்காது. உதரவிதானத்தை ஒட்டிய முடிச்சு மூச்சில் நழுவி நழுவி ஓடும். ஒரு ஊசிக்கு ஒரு முடிச்சைத்தான் ஒழுங்காகப் பார்க்க முடியும். வேறெங்கும் பரவியிருக்கிறதா என்ற கேள்விக்கு இது விடை தராது.

தாராவி_மருத்துவர்

பெரிய மருத்துவமனைக் கருவிகளைப் பற்றியே பேச்சு போவதால் என் பக்கத்துச் செய்தியையும் சேர்க்கிறேன். தாராவியில் பொது மருத்துவம் பார்க்கிறேன். ஜூலை முதல் அக்டோபர் வரை என் வாசலில் காய்ச்சல் கூட்டம்தான். டெங்குவில் ஆளைக் கொல்வது பிளேட்லெட் எண்ணிக்கையைவிடப் பெரும்பாலும் பிளாஸ்மா கசிவு, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி குழாய்களை விட்டு வெளியேறுவது. அது காய்ச்சல் இறங்கும் நாளில், வீட்டார் நிம்மதி அடையும் நேரத்தில் தொடங்குகிறது. சோனோகிராபியில் பித்தப்பைச் சுவர் தடித்திருப்பதும், கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் நடுவே கறுப்பாக ஒரு நீர்க்கோடு தெரிவதும், வலது நெஞ்சின் அடியில் சிறிதளவு நீர் நிற்பதும் அந்தக் கசிவின் சாட்சிகள். நின்றபடி எடுக்கும் எக்ஸ்ரேயில் ஏறத்தாழ 200 மில்லி சேர்ந்தால்தான் நீர் தெளிவாகத் தெரியும். சோனோகிராபி அதில் பத்தில் ஒரு பங்கையே காட்டிவிடும். சீட்டில் 'வயிற்று வலி' என்று மட்டும் எழுதி அனுப்பிய ஒரு பெண்ணுக்குப் பித்தப்பை அழற்சி என்று அறிக்கை வந்து, அறுவைக்கு நாள் குறிப்பது வரை போனதைப் பார்த்திருக்கிறேன். 'ஐந்தாம் நாள் காய்ச்சல், டெங்கு உறுதி, கசிவு உண்டா?' என்று எழுதியிருந்தால் அதே படம் சரியாக வாசிக்கப்பட்டிருக்கும். சீட்டை எழுதியவன் நான்தான். அன்றிலிருந்து கேள்வி இல்லாமல் ஒரு சீட்டும் எழுதுவதில்லை.

நெஞ்சிலும் சோனோகிராபி உதவும். நான் படித்த காலத்தில் நுரையீரல் முழுக்கக் காற்று, ஒலி ஊடுருவாது, ஆகவே சோனோகிராபிக்கு அங்கே இடமில்லை என்றார்கள். பிரான்சில் டேனியல் லிக்டென்ஸ்டைன் என்ற மருத்துவர் அந்த ஊடுருவாமையையே செய்தியாக்கினார். உலர்ந்த நுரையீரல் கிடைக்கோடுகளை எதிரொலிக்கிறது, நீர் கோத்த நுரையீரல் வால்நட்சத்திரம் போலச் செங்குத்துக் கோடுகளைக் கீழே வீசுகிறது. மூச்சு முட்டி வருபவரைச் சில நிமிடங்களில் பிரித்தறியும் நெறிமுறையை அவர் 2008இல் வெளியிட்டார். இரவில் இரைப்போடு வரும் முதியவருக்கு இதயத்தால் வந்த நீரா, பழைய ஆஸ்துமாவா என்பதை நான் ஸ்டெத்தை வைத்து ஊகிப்பதைவிட இது நம்பகமானது. ஆனால் சட்டைப் பையில் அடங்கும் கருவியை இந்த நாட்டில் என்னால் இயல்பாக வாங்கி வைத்துக்கொள்ள முடியவில்லை. அதுதான் என் வருத்தம்.

சயன்_தோழி

டாக்டர் ஐயா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அந்தத் தடை ஏன் வந்தது என்பதை இங்கே பதிய வேண்டும். நான் 1990களில் பெண்கள் குழுக்களோடு வேலை பார்த்தவள். மகாராஷ்டிரத்தில் மகன் பிறந்தால் பேடா, மகள் பிறந்தால் பர்பி கொடுப்பது வழக்கம். மருத்துவர் ஒருவர் பரிசோதனை அறையிலிருந்து வெளியே வந்து 'பர்பி வாங்குங்கள்' என்று ஒரே ஒரு சொல் சொல்லிப் போனதை, ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருத்தியின் பக்கத்தில் உட்கார்ந்து என் காதால் கேட்டேன். அவள் என் கையைப் பிடித்த பிடி இன்னும் நினைவிருக்கிறது. அந்த மாநிலத்தில்தான் 1988இல் கருவின் பாலினத்தைக் கண்டு சொல்வதைத் தடுக்கும் நாட்டின் முதல் சட்டம் வந்தது. மத்தியச் சட்டம் 1994இல் வந்தது. அது தாளில் மட்டும் இருந்ததால், மும்பையின் செஹாத், புனேயின் மாசூம் ஆகிய அமைப்புகளும் சாபு ஜார்ஜ் என்ற செயற்பாட்டாளரும் 2000இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 1991இல் 945 ஆக இருந்த பெண் குழந்தைகள் 2001 கணக்கெடுப்பில் 927 ஆகியிருந்தார்கள். 2003இல் சட்டம் இறுகியது. கையடக்கக் கருவியைப் பதிவு செய்த வளாகத்துக்கு உள்ளேயோ, பல சேவைகள் தரும் நடமாடும் மருத்துவ வண்டியிலோ மட்டும் பயன்படுத்தலாம் என்ற விதி 2012இல் சேர்ந்தது.

தாராவி_மருத்துவர்

அம்மா, சட்டத்தின் நோக்கத்தில் எனக்கு ஒரு சொல் மாறுபாடும் இல்லை. 2017இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பட்டர்ஃப்ளை என்ற கையடக்கக் கருவியில், ஒலியை எழுப்பும் படிகங்களுக்குப் பதிலாகச் சிலிக்கான் சில்லின் மேல் ஆயிரக்கணக்கான நுண் உணர்விகள் இருக்கின்றன. எந்த உறுப்பைப் பார்க்கிறோம், எத்தனை மணிக்குப் பார்க்கிறோம் என்பதெல்லாம் மென்பொருளில் பதிவாகும். பதிவாகும் கருவியைப் பதிவாகாத கருவியைப் போலவே நடத்த வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

சயன்_தோழி

பதிவை யார் வாசிப்பார்கள், ஐயா? கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கும்போது நிரப்பும் படிவங்களில் எழுத்துப் பிழை இருந்தாலும் குற்றம்தான் என்ற பிரிவை எதிர்த்து மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பு தொடுத்த வழக்கில், 2019இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லும் என்றே சொன்னது. அந்தப் படிவம் ஒன்றுதான் பெண்களின் பக்கம் இருக்கும் சாட்சி என்பதால் சொன்னது. உங்களைப் போன்றவர்களுக்குச் சிரமம்தான், மறுக்கவில்லை. இருந்தாலும் தளர்த்தலாம் என்று என் வாயால் சொல்ல மாட்டேன்.

மாட்டுங்கா_பாட்டி

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என் பேத்திக்கு ஆர்எச் நெகட்டிவ் ரத்தம், இரண்டாவது பேறு. எதிர்ப்பொருள் இருப்பதாகச் சொல்லி, குழந்தையின் தலைக்கு டாப்ளர் பார்க்க வேண்டும் என்கிறார்கள். என் தங்கைக்கு அந்தக் காலத்தில் வயிற்றில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். தலையைப் பார்த்து ரத்தத்தைப் பற்றி என்ன தெரியும்?

முலுண்ட்_கதிரியக்கர்

நியாயமான கேள்வி, அம்மா. அந்த எதிர்ப்பொருள் குழந்தையின் சிவப்பணுக்களை அழித்துச் சோகை வந்தால் ரத்தம் நீர்த்து, விரைந்து ஓடும். மூளைக்குப் போகும் நடுத் தமனியில் அந்த வேகத்தை டாப்ளரால் அளக்கலாம். அந்த வாரத்துக்குரிய நடு அளவைப்போல ஒன்றரை மடங்கைத் தாண்டினால் மிதமான அல்லது கடும் சோகை என்று ஐயப்படுகிறோம். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வுக்குப் பிறகு, சோகை இருக்கிறதா என்று அறிவதற்காக மட்டும் ஊசி குத்தும் வழக்கம் பெரிதும் குறைந்துவிட்டது. ஊசி இப்போது பெரும்பாலும் சிகிச்சைக்குத்தான். தமனியின் போக்குக்கு நேராக ஒலிக்கற்றையை வைத்து அளக்கத் தெரிந்த கை வேண்டும். கருச் சிறப்பு மருத்துவரிடமே போங்கள்.

செம்பூர்வாசி

பதினெட்டு நாள் கழித்து வருகிறேன். முதலில் ஃபைப்ரோஸ்கேன்: இரவு உணவுக்குப் பிறகு ஒன்றும் உண்ணாமல் காலையில் எடுத்ததில் 7.4. (பொறியாளர் எடுத்துக்காட்டுக்காக எழுதிய எண்ணே வந்ததைப் பார்த்து அப்பா தாளை இரண்டு முறை படிக்கச் சொன்னார்.)

பிறகு குமிழ் ஊசி. குடும்ப மருத்துவரிடம் இந்த இழையைக் காட்டினேன். அவர் சீட்டைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினார்: 'வலது மடலில் 2.2 செ.மீ. முடிச்சு, வெறும் வயிற்றில் விறைப்பு 7.4, கிரியாட்டினின் 1.9. தீங்கற்ற ரத்தக்குழாய்க் கட்டிதானா?' அறைக்குள் என்னையும் அனுமதித்தார்கள். திரை பாதி பாதியாகப் பிரிந்து, ஒரு பக்கம் வழக்கமான சாம்பல் படம், மறுபக்கம் முழு இருட்டு. பதினைந்து வினாடி வரை ஒன்றுமில்லை. பிறகு இருட்டில் கிளை கிளையாகப் பொன்னிறம் ஏறியது. முடிச்சு இருந்த இடம் மட்டும் கறுப்பாகவே நிற்க, அதன் ஓரத்தில் மூன்று புள்ளிகள், பிறகு ஐந்து. மருத்துவர் அப்பாவிடம் 'மூச்சை மெதுவாக விடுங்கள்' என்று இந்தியில் சொல்லிக்கொண்டே புரோபை அசைக்காமல் பிடித்திருந்தார். மூன்றாம் நிமிடத்தில் நடுவில் ஒரு சிறு கறுப்பு மட்டும் மிச்சம். ஐந்தாம் நிமிடத்திலும் முடிச்சின் ஒளி மங்கவில்லை. ரத்தக்குழாய்க் கட்டி என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

இன்னும் ஒரு கேள்வி. எனக்கு 38 வயது, எந்தத் தொந்தரவும் இல்லை. முழு உடல் சோனோகிராபி, கழுத்து உட்பட, என்று அலுவலகத்தில் சலுகைத் திட்டம் வந்திருக்கிறது. எடுத்துக்கொள்ளலாமா?

முலுண்ட்_கதிரியக்கர்

மிகவும் மகிழ்ச்சி, தம்பி.

கழுத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தென் கொரியாவில் 1999 முதல் தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் நடந்தது. தைராய்டு அதில் இல்லாவிட்டாலும் மருத்துவமனைகள் சிறு கட்டணத்துக்குக் கழுத்தையும் பார்த்துக் கொடுத்தன. 2011இல் தைராய்டு புற்று கண்டறியப்பட்ட விகிதம் 1993இல் இருந்ததைப்போல் ஏறத்தாழ 15 மடங்கு. அந்த நோயால் இறப்பவர் விகிதமோ மாறவே இல்லை. ஆயிரக்கணக்கானோர் தைராய்டை இழந்து, வாழ்நாள் முழுதும் மாத்திரை விழுங்க நேர்ந்தது. இன்றைய புரோப் இரண்டு மில்லிமீட்டர் முடிச்சையும் காட்டிவிடும்; காட்டிய பிறகு அதைப் பாராததுபோல் இருக்க உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. சீட்டில் எழுத உங்களிடம் கேள்வி இல்லையென்றால் கழுத்தை விட்டுவிடுங்கள். உங்களுக்கும் சர்க்கரை இருக்கிறதா என்று ரத்தத்தில் பாருங்கள், அப்பா வழியில் அதற்குக் காரணம் இருக்கிறது.

அப்பாவுக்கு: அந்தக் கட்டிக்காக இனி அலைய வேண்டியதில்லை. ஐந்து நிமிட ஒளிப்பதிவையும் குறுந்தகட்டில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், படத்தாள் மட்டும் போதாது. அடுத்த முறை யாராவது அந்த முடிச்சைப் புதிதாகக் கண்டதுபோல் எழுதினால் அதைக் காட்டலாம். சர்க்கரை நோய் இருப்பதால் ஓரிரு ஆண்டில் ஃபைப்ரோஸ்கேனை மறுபடி செய்யுங்கள், அதே வகைக் கருவியில், காலை இட்லிக்கு முன்.